ஊரிலும் பேசணும், வெளிநாட்டிலும் பேசணும்: ஃபோன் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டில் ஃபோன் வாங்கி, அதை வெளிநாட்டுக்கும் கொண்டுபோகப் போகிறீர்களா? மேல்படிப்புக்குப் போகிற பிள்ளை, வேலை மாற்றலாகிப் போகிறவர், மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வரும் பெற்றோர் என யாராக இருந்தாலும் இது உங்களுக்காகத்தான். கேமரா, பேட்டரி, திரை பற்றி இதில் ஒரு வரிகூட வராது. சிக்னல் கிடைக்குமா, கால் போகுமா, ஓடிபி வருமா என்ற மூன்று கேள்விக்கு மட்டும்தான் இங்கே பதில்.

இந்த மூன்றையும் கடையில் கேட்டால், "5ஜி ஃபோன்தான் சார், உலகம் பூரா ஓடும்" என்பார்கள். விற்பவருக்கும் அதற்குமேல் தெரியாது. எங்கள் வீட்டில் ஒவ்வொருவராக வெளியே கிளம்பியபோது அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். விமான டிக்கெட் போட்ட வாரமே தொடங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் செய்ய முடியாத வேலைகள் இதில் இருக்கின்றன.

1. எந்த ஊர், எந்த நிறுவனம் என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம், இந்தியாவில் நீங்கள் நிஜமாகவே இருக்கும் இடங்கள்: வீடு, அலுவலகம், சொந்த ஊர். ஒவ்வொன்றுக்கும் நேரே அங்கே எந்த நிறுவனத்தின் டவர் நன்றாக எடுக்கிறது என்று எழுதுங்கள். சென்னையில் எல்லாமே எடுக்கும். குலதெய்வக் கோயில் இருக்கும் ஊரில் ஒன்றுதான் எடுக்கும், அதுவும் திண்ணையில் நின்றால்தான். அந்த ஒன்று எது என்பது முக்கியம்.

வலது பக்கம், போகும் நாடும் அங்கே எடுக்கப் போகும் சிம்மும். அங்கே இருக்கும் சொந்தக்காரரிடம் 'எந்த சிம் மலிவு' என்று கேட்காதீர்கள். 'உங்கள் தெருவில் எந்த சிம் எடுக்கிறது' என்று கேளுங்கள். நிறுவனத்தின் பெயர் தெரியாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. ஒரே நாட்டில் மூன்று நிறுவனங்கள் மூன்று வேறு பேண்டுகளில் ஓடும்.

2. அந்த நிறுவனங்கள் ஓடும் பேண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

டவரும் ஃபோனும் பேசிக்கொள்ளும் அலைவரிசைக்குத்தான் பேண்ட் என்று பெயர். 4ஜி பேண்டை 'பி' போட்டும் 5ஜி பேண்டை 'என்' போட்டும் எழுதுவார்கள். டவர் ஒரு பேண்டில் ஒலிபரப்ப, உங்கள் ஃபோனில் அந்த பேண்ட் இல்லையென்றால், டவர் அடியிலேயே நின்றாலும் அந்தச் சிக்னல் உங்களுக்கு இல்லை.

இந்தியாவில் நிலவரம் இது. ஜியோவில் 2ஜி, 3ஜி இரண்டும் கிடையாது. அதன் 4ஜி பி3, பி5, பி40 பேண்டுகளிலும், 5ஜி என்28, என்78 பேண்டுகளிலும் ஓடுகிறது. ஏர்டெல் 4ஜி முக்கியமாக பி1, பி3, பி8, பி40, 5ஜிக்கு என்78. வி (வோடஃபோன் ஐடியா) நிறுவனத்துக்கு பி1, பி3, பி8, பி41. பிஎஸ்என்எல் 4ஜிக்கு பி1, பி28.

இதில் பி5, பி8, பி28 மூன்றும் 1000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பவை. இவைதான் தூரம் போகும், சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வரும். கிராமத்தில் ஃபோன் எடுப்பதும் எடுக்காததும் இவற்றைப் பொறுத்ததுதான். பிஎஸ்என்எல் வைத்திருப்பவர்கள் பி28 இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பழைய ஃபோன்கள் பலவற்றில் அது இல்லை. "4ஜி சிம் மாற்றியும் ஊரில் எடுக்கவில்லை" என்று அலுத்துக்கொள்பவர்கள் டவரைக் குறை சொல்லுமுன் ஒருமுறை ஃபோனையும் பார்ப்பது நல்லது.

வெளிநாடுகளில் தொல்லை அதிகம் தருவது அமெரிக்காதான். டி-மொபைலுக்கு பி2, பி4, பி12, பி66, பி71, 5ஜியில் என்41, என்71. வெரைசனுக்கு பி13, பி66, பி2, பி5. ஏடி&டிக்கு பி2, பி12, பி66, பி5. நம் ஊரில் விற்கும் நடுத்தர விலை ஃபோன்கள் பலவற்றில் பி12, பி13, பி66, பி71 இருக்காது. நகர நடுவில் பி2, பி4 வைத்துச் சமாளித்துவிடலாம். நெடுஞ்சாலையில் போகும்போதும் அடுக்ககத்தின் உள்ளறையிலும்தான் பிரச்சினை தெரியும், ஏனென்றால் பி12, பி13, பி71 மூன்றும் அங்கே தூரம் போகும் பேண்டுகள்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் இந்திய ஃபோன்கள் பெரும்பாலும் ஒத்துவரும். பி20 இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். (அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் போகாததற்கு ஃபோன் காரணமில்லை. அங்குள்ள விதி அது. அதற்காக ஃபோனை மாற்றாதீர்கள்.) சிங்கப்பூருக்கு பி3, பி7, பி8, 5ஜிக்கு என்78. ஆஸ்திரேலியாவுக்கு பி3, பி7, பி28. ஜப்பானில் டோகோமோ நிறுவன சிம் எடுப்பவர்கள் பி19-ஐயும் தேடுங்கள்.

3. ஃபோனின் பெயரை விடுங்கள், மாடல் எண்ணைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால், இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் விற்கும் ஃபோன் ஒவ்வொரு நாட்டுக்கும் வேறுவேறாகத் தயாராகிறது. பேண்டுகளும் மாறும், சிம் இடமும் மாறும்.

சாம்சங் ஏ54-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் விற்பது எஸ்எம்-ஏ546இ, ஐரோப்பாவில் எஸ்எம்-ஏ546பி, அமெரிக்காவில் எஸ்எம்-ஏ546யு. கடைசி எழுத்து ஒன்றுதான் வேறு. ஆனால் மூன்றின் பேண்ட் பட்டியலும் ஒன்றல்ல. இணையத்தில் 'ஏ54' என்று தேடி ஏதோ ஒரு பட்டியலைப் பார்த்து நிம்மதி அடைந்தால், அது அமெரிக்க மாடலின் பட்டியலாக இருக்கலாம்.

மாடல் எண் பெட்டியின் பின்புறம், ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு ஃபோனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க அடையாள எண்) இருக்கும் ஸ்டிக்கரில் அச்சாகியிருக்கும். ஃபோனில் அமைப்புகளுக்குப் போய் 'ஃபோனைப் பற்றி' என்ற பகுதியிலும் தெரியும். அந்த முழு எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். ஆப்பிள் ஒவ்வொரு ஐஃபோன் மாடலுக்கும் பேண்ட் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. மற்றவற்றுக்கு ஜிஎஸ்எம்அரினா தளம் உதவும். அங்கேயும் 'இந்தியா' என்று குறித்த வரியைத்தான் படிக்க வேண்டும்.

என் அனுபவத்தில் அமெரிக்கா போகிறவருக்குத் தலைவலி குறைவானது இந்தியாவில் வாங்கிய ஐஃபோன். பி12, பி13, பி66 அதில் உண்டு, ஐஃபோன் ஏர் தவிர மற்றவற்றில் சிம் போடும் இடமும் உண்டு. பி71 பல மாடல்களில் இல்லை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மாடலில் மட்டும் இருக்கும் மில்லிமீட்டர் அலை 5ஜி இதில் இருக்காது. அது சில விளையாட்டு அரங்கங்களிலும் நகரத் தெருக்களிலும் மட்டும் கிடைப்பது, இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. சாம்சங்கின் எஸ் வரிசையும் நல்ல தேர்வு. அதிலும் பி71 உங்கள் மாடலில் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

சீனாவுக்கென்றே தயாரித்த ஃபோன்கள் பர்மா பஜார், ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மலிவாக இருக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள். பி20, பி28 பேண்டுகள் பலவற்றில் இருக்காது, இந்தியாவில் வாரண்டியும் செல்லாது.

4. வோல்டி: எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்

பேண்ட் சரியாக இருந்தும் கால் போகாமல் இருக்கலாம். இதை நம்பவே பலருக்கு நாளாகிறது.

முன்பெல்லாம் 4ஜி ஃபோன், டேட்டாவுக்கு 4ஜியையும் பேசுவதற்கு 3ஜி அல்லது 2ஜியையும் பயன்படுத்தும். இப்போது பல நாடுகளில் அந்தப் பழைய டவர்களே இல்லை. அமெரிக்காவில் ஏடி&டி, டி-மொபைல், வெரைசன் மூன்றும் 2022-க்குள் 3ஜியை மூடிவிட்டன. சிங்கப்பூரில் 2ஜி 2017-இலேயே போய்விட்டது, 3ஜியும் 2024-இல் போனது. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் 28-இல் 3ஜியை மூடத் தொடங்கின. இந்த நாடுகளில் பேச வேண்டும் என்றால் 4ஜி வழியாகவே பேசும் வோல்டி வசதி வேண்டும்.

"என் ஃபோனில்தான் வோல்டி இருக்கிறதே, ஜியோ ஓடுகிறதே" என்பீர்கள். அதுதான் பொறி. வோல்டி என்பது ஃபோனில் ஒரேயடியாக இருக்கும் வசதி அல்ல. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உரிய அமைப்பு அந்த ஃபோனின் மென்பொருளுக்குள் இருக்க வேண்டும். ஜியோவுக்கு இருக்கும், டெல்ஸ்ட்ராவுக்கு இருக்காது.

எங்கள் அம்மா மெல்போர்னில் அக்கா வீட்டுக்குப் போனபோது நேரில் பார்த்தோம். உள்ளூர் சிம் போட்டதும் நாலு கோடும் நின்றது, வாட்ஸ்அப் வந்தது, யூடியூப் ஓடியது. எண்ணை அழுத்தினால் மட்டும் ஒலி எதுவும் இல்லாமல் ஒரு நொடியில் கால் துண்டித்துவிடும். மறுபக்கம் யார் அழைத்தாலும் மணி அடிக்காது, நேராகக் குரல் அஞ்சலுக்குப் போய்விடும். மருத்துவரின் அலுவலகத்திலிருந்து நேரம் சொல்ல அழைத்திருக்கிறார்கள், அம்மாவுக்குத் தெரியவே இல்லை. வாட்ஸ்அப் ஓடுவதால் ஃபோன் நன்றாக இருப்பதாகவே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆஸ்திரேலியாவில் இன்னொன்றும் உண்டு. அவசர எண் 000-ஐ 4ஜி வழியாக அழைக்க முடியாத ஃபோன்களை நிறுவனங்கள் தடைசெய்ய வேண்டும் என்பது அங்கே விதி. அப்படித் தடைபட்ட ஃபோனில் டேட்டாவும் வராது. உள்ளூர் சிம் போட்டு எதற்கும் பயன்படுத்த முடியாது. வெளிநாட்டில் வாங்கிய ஃபோன்கள்தான் இதில் அதிகம் சிக்குகின்றன.

இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. காசு கொடுக்குமுன் பெட்டியில் இருக்கும் ஐஎம்இஐ எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போகும் நாட்டு நிறுவனத்தின் தளத்தில், சொந்த ஃபோனைக் கொண்டுவருபவர்களுக்கான பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஏடி&டிக்கும் வெரைசனுக்கும் இது கட்டாயம்; ஏடி&டி தன் பட்டியலில் இல்லாத மாடல்களை ஏற்பதில்லை. டி-மொபைல் கொஞ்சம் தாராளம். கடையில் ஐஎம்இஐ காட்ட மறுத்தால், அதே மாடலை வைத்திருக்கும் நண்பரின் எண்ணைக் கேட்டுப் போட்டுப் பாருங்கள். மாடல் எண் கடைசி எழுத்துவரை ஒன்றாக இருக்க வேண்டும்.

கூகுள் பிக்சல் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். பிக்சல் அதிகாரபூர்வமாக விற்கப்படும் நாடுகளில் சிறப்பாக இருக்கும். விற்கப்படாத நாடுகளில் வோல்டியும் 5ஜியும் முடங்கிக் கிடக்கலாம். இலங்கை அப்படிப்பட்ட ஒரு நாடு. யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையே போய் வருகிறவர்கள் இதை யோசித்து வாங்குங்கள். இலங்கையில் ஃபோன் வாங்கினால், ஐஎம்இஐ என்று எழுதி இடம்விட்டு 15 இலக்க எண்ணைப் போட்டு 1909-க்குக் குறுஞ்செய்தி அனுப்பி, தொலைத்தொடர்பு ஆணையத்தின் பதிவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

5. இரண்டு சிம்முக்கு இடம் வேண்டும், அதில் ஒன்று இசிம்மாக இருக்கட்டும்

வெளிநாடு போனாலும் இந்திய எண் உயிரோடு இருக்க வேண்டும். வங்கி, ஆதார், வருமான வரி எல்லாவற்றுக்கும் ஓடிபி அதற்குத்தான் வரும். ஆக, ஒரே நேரத்தில் இரண்டு எண் ஓடும் ஃபோன் வேண்டும். விலை குறைந்த மாடல்களில் இரண்டு சிம் இடம் இருக்கும், இசிம் (கார்டு இல்லாமல் ஃபோனுக்குள்ளேயே பதிந்துகொள்ளும் சிம்) இருக்காது. அதுவே போதும் என்றால் போதும். ஆனால் பல நாடு சுற்றுகிறவர்களுக்கு இசிம் பெரிய வசதி. விமான நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டாம், இந்திய சிம்மைக் கழற்றி எங்கோ வைத்துத் தொலைக்கவும் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து ஃபோன் வாங்கிவரச் சொல்பவர்கள் கவனியுங்கள். அமெரிக்காவில் ஐஃபோன் 14 முதல் சிம் போடும் இடமே கிடையாது, இசிம் மட்டும்தான். ஐஃபோன் 17-இல் அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் விற்பதும் அப்படித்தான். துபாயிலிருந்து மச்சான் வாங்கிவந்த ஃபோனில் உங்கள் சிம்மைப் போட இடம் இருக்காது. நிறுவனத்திடம் சொல்லி இசிம்மாக மாற்றித்தான் ஆக வேண்டும். சீனாவில் வாங்கிய ஐஃபோன்கள் பெரும்பாலும் இதற்கு நேரெதிர்: இரண்டு சிம் போடலாம், இசிம் ஏறாது.

பயணத்துக்கென இணையத்தில் விற்கும் இசிம்கள் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான் தரும், எண் கிடைக்காது. சுற்றுலாவுக்கு அது சரி. வீடு பார்க்க வேண்டும், அங்கே வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும் என்றால் உள்ளூர் எண்ணே வேண்டும்.

6. பூட்டு இல்லாத ஃபோன்தானா?

வெளிநாட்டில் மாதத் தவணைக்கு வாங்கிய ஃபோன், கடன் முடியும்வரை அந்த நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டியிருக்கும். ஐஃபோனில் அமைப்புகள், பொது, அறிமுகம் என்று போனால் 'கேரியர் லாக்' என்ற வரி வரும். அதில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருந்தால்தான் வாங்க வேண்டும். "சாஃப்ட்வேர் போட்டு எடுத்துத் தருகிறேன்" என்பவரை நம்பி முழுப் பணம் தராதீர்கள்.

சாம்சங் ஃபோனில் ஒரு சிறு வேலை இருக்கிறது, பெட்டியின் ஸ்டிக்கரிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வாங்கிய நாட்டு சிம்மைப் போட்டு மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசிய பிறகுதான் வேறு நாட்டு சிம்மை ஏற்கும். வாங்கிய அன்றே ஃபோனோடு வந்த டயலரிலிருந்து இந்திய சிம்மில் பேசிவிடுங்கள். வாட்ஸ்அப் கால் கணக்கில் வராது. புதுப் பெட்டியைப் பிரிக்காமல் அண்ணனுக்குப் பரிசாகக் கொண்டுபோகிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

7. கையில் இருக்க வேண்டிய தாள்களும் செலவும்

ஐஎம்இஐ எண் அச்சிட்ட ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். மொபைலுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. "பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருகிறேன்" என்றால் வேண்டாம். ஃபோன் தொலைந்தால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்கக் காவல் நிலையப் புகாரோடு இந்த பில்லும் தேவைப்படலாம்; சுங்கத்தில் கேட்டால் காட்டுவதற்கும் அதுதான்.

பழைய ஃபோன் வாங்குகிறீர்களா? முதலில் *#06# அழுத்தி ஐஎம்இஐயைப் பாருங்கள். பிறகு கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டி, இடம்விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு அனுப்புங்கள். திருட்டு என்று முடக்கப்பட்டதா, ஒரே எண் பல ஃபோனில் இருக்கிறதா என்று பதில் வரும். விற்பவர் எதிரிலேயே செய்யுங்கள், நேர்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாரண்டியையும் கேளுங்கள். பல நிறுவனங்களுக்கு வாங்கிய நாட்டில் மட்டும்தான் அது செல்லும். இரண்டு ஆண்டு அங்கே இருக்கப் போகிறவர், இங்கே விலை குறைவு என்பதற்காக மட்டும் இங்கே வாங்குவதில் அர்த்தமில்லை. ஆறு மாதத்தில் திரும்பும் பெற்றோருக்கு இங்கே வாங்குவதுதான் சரி.

8. கிளம்புமுன் செய்ய வேண்டியவை, இதே வரிசையில்

மூன்று வாரம் முன்பு: நிறுவனம் மாற வேண்டுமென்றால் இப்போதே மாறிவிடுங்கள். இசிம்மாக்குவதை அதன்பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சிம் மாற்றிய (இசிம்மாக்குவதும் சிம் மாற்றுவதுதான்) 7 நாளுக்குள் வேறு நிறுவனத்துக்குப் போக முடியாது என்று 2024 ஜூலை முதல் விதி இருக்கிறது. வரிசையைத் தலைகீழாகச் செய்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டு வாரம் முன்பு: இந்திய சிம்மை இசிம்மாக்குங்கள். *#06# அழுத்தினால் ஐஎம்இஐயோடு இஐடி என்ற நீண்ட எண்ணும் வரும், அது தேவைப்படலாம். மாற்றிய பிறகு 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது, போகாது. மோசடியைத் தடுக்க அரசு வைத்த விதி. வங்கி ஓடிபியும் அதில் அடக்கம். பணம் கட்டுவது, டாலர் வாங்குவது இருந்தால் அந்த நாளில் வைக்காதீர்கள். யாராவது ஃபோனில் அழைத்து, 'நான் இசிம்மாக்கித் தருகிறேன், வரும் எண்ணைச் சொல்லுங்கள்' என்றால் உடனே வைத்துவிடுங்கள்.

ஒரு வாரம் முன்பு: மென்பொருளைப் புதுப்பியுங்கள். வெளிநாட்டு நிறுவனங்களின் வோல்டி அமைப்புகள் அதோடுதான் வருகின்றன. வைஃபை காலிங்கையும் (டவருக்குப் பதில் வைஃபை வழியே சாதாரணக் கால் பேசும் வசதி) இயக்கிவையுங்கள்.

கடைசி இரண்டு நாள்: இந்திய எண்ணில் சர்வதேச ரோமிங் வசதியை இயக்குங்கள். பேக் போடாவிட்டாலும் வசதி இயங்கினால்தான் ஓடிபி வரும். வரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. நீண்ட நாள் தங்குகிறவர்கள் இந்திய எண்ணின் ரீசார்ஜை மறக்க வேண்டாம். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண் கைவிட்டுப் போகலாம்.

9. இறங்கிய அன்றே சோதியுங்கள்

உள்ளூர் சிம்மை டேட்டாவுக்குத் தேர்ந்தெடுத்து, இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணையுங்கள். ஐஃபோனில் ஒரு சிம்மிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டா தானே மாறிக்கொள்ள அனுமதிக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அதையும் அணையுங்கள். போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்களுக்கு மாத இறுதியில் பெரிய பில் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

பிறகு வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டில் இன்னொருவர் எண்ணுக்குச் சாதாரணக் கால் போடுங்கள், வாட்ஸ்அப் கால் அல்ல. பேசும்போது மேலே 4ஜி, 5ஜி அல்லது வோல்டி என்று நின்றால் சரி. அவர்களையும் உங்களைத் திருப்பி அழைக்கச் சொல்லுங்கள். வெளியே போகும் கால் போய், உள்ளே வரும் கால் வராத ஃபோனும் உண்டு. வங்கிச் செயலியில் ஓடிபி கேட்கும் வேலை ஒன்றைச் செய்து, இந்திய எண்ணுக்குச் செய்தி வருகிறதா என்று பாருங்கள்.

கால் போகவில்லையென்றால் முதலில் அமைப்புகளில் வோல்டி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சிம் வாங்கிய கடைக்கே ஃபோனோடு போய், அந்த எண்ணுக்கு அவர்கள் பக்கம் வோல்டி இயக்கியிருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் சரியாக இருந்து கால் போகவில்லையென்றால் அந்த ஃபோனோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்த ஊரில் கிடைக்கும் மலிவான உள்ளூர் ஃபோன் ஒன்றை வாங்கி உள்ளூர் சிம்மை அதில் போடுங்கள், கொண்டுபோன ஃபோன் வைஃபையிலும் இந்திய எண்ணின் ஓடிபிக்கும் ஓடட்டும். அங்கேயும் ஓடிபி வரவில்லையென்றால் இந்தியா திரும்பும்வரை வங்கி ஓடிபியை மின்னஞ்சலுக்கும் அனுப்ப முடியுமா என்று வங்கியிடம் கேளுங்கள். சில வங்கிகள் வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளருக்கு அந்த வசதியைத் தருகின்றன.